பதினொன்றில் அடங்காத எண்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், கருடா டீசல்ஸ் கம்பெனி கேட்டுக்கு எதிரே சுப்பன் டீக்கடை. பாய்லர் சீறிக்கொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"டீ தீந்துபோச்சு" என்றார் சுப்பன்.

ஜெபமணி பாய்லரைப் பார்த்தார். பிறகு சுப்பனைப் பார்த்தார். "அப்ப உள்ள கொதிக்கிறது இன்னா, ரசமா?"

"உனுக்கு வேணும்னா ஒண்ணு தரேன். அந்தம்மாவுக்குக் கெடையாது."

மரகதவல்லி காதில் விழாதவள்போல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். காது மடல் சுட்டது. ஓ.டி. பார்த்துவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் கிளாஸை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்கு நகர்ந்தார்கள்.

பி.எஸ்சி. கணிதம் படித்தவள். பூந்தமல்லியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியிருந்தாள். அந்தப் போர்டுக்குக் கிடைத்த முதல் பெரிய வழக்கு இது. கருடா டீசல்ஸ் ஸ்டோரிலிருந்து மூன்று பம்ப்செட் இன்ஜின்கள் காணாமல் போயின. இந்த வாரம்தான் அவள் திருடனைப் பிடித்தாள். இன்ஜின்களில் எண் குத்துகிற யேசுராஜ். ஷிப்ட் மாறுகிற நேரத்தில், அத்தனை பேர் முன்னால், அவர் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துப் பார்த்து கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். தயிர்சாதப் பாத்திரம் உருண்டு இவள் காலடியில் வந்து நின்றது. அதற்குப் பிறகு அவளால் சரியாகத் தூங்க முடியவில்லை. கணக்கு சரி, தூக்கம் ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

ஜெபமணி ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவர் அவளுடைய உதவியாளர். அதற்கு முன்னால் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். வாய் நீளம் காரணமாக அந்த வேலை போயிற்று.

"விஷயம் தெரியுமா மேடம்? யேசுராஜ் பொண்ணு செல்வமேரிக்கு போன ஞாயித்துக்கிழமை கோயில்ல மொதல் ஓலை வாசிச்சாங்க."

"ஓலைன்னா?"

"கல்யாண அறிவிப்பு. மூணு ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் வாசிப்பாரு. இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லலாம்னு கேப்பாரு. எங்க சபையிலயும் உண்டு, அவங்க கோயில்ல இன்னும் கறாரு. நாளைக்கு ரெண்டாவது ஓலை. மாப்ள வூட்டுக்காரங்க ஊரு சிங்கப்பெருமாள் கோவில். திருட்டு வூட்டுப் பொண்ணு வாணாம், ஓலைய நிறுத்துங்கன்னு சாமியார்கிட்ட சொல்ல இன்னிக்கு சாயங்காலம் வராங்களாம்."

மரகதவல்லி கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். திருட்டு இன்ஜின் என்று ஒரகடத்துத் தோட்டத்தில் அவள் பிடித்த இன்ஜினின் எண்ணைப் பெரிதாக எழுதியிருந்தாள்:

81086118

"நான் தப்புப் பண்ணலை அண்ணா. கணக்கு பொய் சொல்லாது. பாருங்க. முதல் ரெண்டு இலக்கம் வருஷம், எண்பத்தொண்ணு. அடுத்த அஞ்சும் வரிசை எண். கடைசி இலக்கம் பூட்டு மாதிரி. முழு எண்ணும் பதினொண்ணால வகுபடுற மாதிரி அதைப் போடுவாங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டுங்க. எட்டு, பூஜ்யம், ஆறு, ஒண்ணு. பதினைஞ்சு. மிச்சம் ஒண்ணு, எட்டு, ஒண்ணு, எட்டு. பதினெட்டு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும், இல்ல பதினொண்ணு வித்தியாசத்துல இருக்கணும். மூணு இடிக்குது. கம்பெனி இப்படி ஒரு எண் குத்தவே குத்தாது. அப்ப இது கள்ள எண். கம்பெனியோட எண் குத்துற உளியாலதான் குத்தியிருக்கு. அந்த உளி இருக்கிறது யேசுராஜ் கையில."

"நானும் பாத்துகினுதான் கீறேன். எம்பத்தொண்ணு, பத்தொம்பது, எம்பது, பதினெட்டு."

"தப்பு. எண்பத்தொண்ணு, பூஜ்யம் எட்டு, அறுபத்தொண்ணு, பதினெட்டு."

"இன்னா மேடம், டிக்கெட் கட்டைத் தலைகீழாப் புடிச்சாலும் நம்பர் வாசிச்ச கண்ணு இது. எம்பத்தொண்ணு, பத்தொம்பது, எம்பது, பதினெட்டு. நா வாசிக்கிறது சரிதான். நீங்க உக்காந்துகினு இருக்கிற பக்கம்தான் தப்பு."

சிரிக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. சீட்டை மெல்லத் திருப்பினாள்.

81198018

நம்பாதவர்கள் இந்தப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கலாம். அச்சில் 1 என்ற இலக்கத்துக்கு ஒரு சின்னக் கொம்பு இருக்கும். கம்பெனியின் உளியில் அது வெறும் கோடு.

மரகதவல்லி உதடு அசையாமல் கூட்டினாள். எட்டு, ஒன்று, எட்டு, ஒன்று. பதினெட்டு. ஒன்று, ஒன்பது, பூஜ்யம், எட்டு. பதினெட்டு.

அடங்கியது.

அதோடு நிற்கவில்லை. இந்த எண்ணை அவள் முன்னமே பார்த்திருக்கிறாள். அந்த இன்ஜினைத் தோட்டத்தில் வைத்திருந்த கோவிந்தம்மா கண்ணீரோடு நீட்டிய பில்லில் இருந்தது இதே எண்தான். 'பில் வேறே, இன்ஜின் வேறே' என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்தவளும் இவள்தான்.

"ஸ்கூட்டரை எடுங்க அண்ணா" என்றாள். சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டபடியே எழுந்தாள்.

---

கோவிந்தம்மாவின் கத்தரித் தோட்டம் ஒரகடம் ஏரிக்குப் பின்னால். பம்ப்செட் கொட்டகை வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"வாம்மா துப்பு. இன்ஜின எடுத்துகினு போவ வந்தியா? இல்ல என்னையும் சேத்து ஏத்திகினு போறியா?"

"இன்னொரு தடவை பார்க்கணும்மா."

"பாரு. பாக்கறதுக்கு இன்னா, அதுவா வெக்கப்படப் போவுது."

இன்ஜின் கொட்டகைக்குள் இருந்தது. வலப்பக்கம் காய்ந்த மேடு. இடப்பக்கம் வாய்க்கால் தண்ணீர் தேங்கிய சேறு. அன்றைக்கு மரகதவல்லி மேட்டில்தான் நின்றாள். திருட்டு இன்ஜின் இங்கே இருப்பதாகச் சொல்லி அவளைக் கூட்டி வந்தவர் கம்பெனி ஸ்டோர்ஸ் ஆபீசர் லக்ஷ்மிநரசிம்மன். நெற்றியில் திருமண், பேச்சில் வெல்லம். 'அந்தப் பக்கம் வேண்டாம்மா, சேறு. புதுச் செருப்பு மாதிரி இருக்கு' என்றார். கையிலிருந்த சாக்குத்துணியால் எண் இருந்த இடத்தை மட்டும் துடைத்தார். துணியை அதற்குப் பக்கத்திலேயே போட்டார். அவளைக் குனியவிடாமல் அவரே எண்ணை வாசித்தார். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு ஒப்புக்குக் குனிந்து பார்த்தாள். காதில் விழுந்த எண்தான் கண்ணிலும் தெரிந்தது.

செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். முழங்கால் வரை போயிற்று. சாக்குத்துணி இன்னும் அங்கேயே கிடந்தது. எடுத்தாள். அதன் கீழே வார்ப்பில் கம்பெனியின் பெயர். சேற்றில் நிற்கிறவர்களுக்கு நேராக, எழுத்து எழுத்தாக: கருடா. அதன் மேலே 81198018.

மேட்டில் நின்றவர்களுக்கு கருடா தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும். துணி மட்டும் இல்லாமல் இருந்தால்.

கொஞ்ச நேரம் அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. சேற்றில் நிற்பது அந்த நேரத்தில் சௌகரியமாகக்கூட இருந்தது.

"கோவிந்தம்மா, இந்த இடம் எப்பவும் இப்படிச் சேறாத்தான் இருக்குமா?"

"ஏன் இருக்கப் போவுது? நா நின்னு இன்ஜின் சுத்தற எடமே அதான். நீ வரதுக்கு மொத நாளு அந்த நாமக்கார ஐயா வந்தாரு. தனியா. நீ நிக்கிற எடத்துலயே நின்னு குனிஞ்சு பாத்தாரு. அப்பறம், 'மடையத் தொறந்து உடும்மா, இன்ஜின் சூடா கீது, தர ஈரமா இருந்தா நல்லது'ன்னாரு. கம்பெனிக்காரரு சொல்றாரேன்னு தொறந்து உட்டேன். அன்னியிலேருந்து வழுக்கி வுழுந்துகினு கீறேன்."

ஜெபமணி விசில் அடித்தார். "ஆளப் பாருங்க மேடம். உங்களுக்காகவே ஒரு சேறு ரெடி பண்ணிக் கீறாரு."

ஆமாம். அவளுக்காகவேதான். கம்பெனி முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்த அன்று அவள் சுற்றிக்கொண்டு வந்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். அவள் அறிவுக்கு அவர் பயப்படவில்லை. அவள் செருப்பை நம்பினார்.

வரப்பில் உட்கார்ந்து, சேறு காயக் காய, மரகதவல்லி சீட்டின் மறுபக்கத்தில் கணக்குப் போட்டாள். தலைகீழாக நின்றாலும் இலக்கமாகவே தெரிகிறவை ஐந்துதான். பூஜ்யம், ஒன்று, எட்டு. ஒன்றுக்கொன்று மாறிக்கொள்கிற ஆறும் ஒன்பதும். வேறு ஒரு இலக்கம் வந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். தலைகீழாகவும் 81 என்று தொடங்க வேண்டுமானால் நேரே 18 என்று முடிய வேண்டும். அந்த வருஷம் கம்பெனி செய்த இன்ஜின் இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. ஆகவே வரிசை எண் எப்படிப் படித்தாலும் அதற்குள் இருக்க வேண்டும். நேரே படித்தால் பதினொன்றில் அடங்க வேண்டும். தலைகீழே அடங்கக் கூடாது. அது சுலபமில்லை. ஒரு எண்ணை வெறுமனே பின்னாலிருந்து எழுதினால் பதினொன்று கெடாது. ஆறும் ஒன்பதும் ஆள்மாறாட்டம் செய்தால்தான் கெடும்.

"எத்தினி இன்ஜினு தேறுது?" என்றார் ஜெபமணி.

"ரெண்டு."

"ரெண்டாயிரமா?"

"ரெண்டே ரெண்டு. ஒண்ணு இங்க இருக்கு." இன்னொன்றைச் சீட்டில் எழுதினாள். 81089118. "இருபதாயிரத்துல தற்செயலா இதுல போய் மாட்டியிருக்க முடியாது அண்ணா. யாரோ உட்கார்ந்து சலிச்சு எடுத்திருக்காங்க. சலிச்சவருக்கு ரெண்டும் கிடைச்சிருக்கும்."

---

கம்பெனி மேனேஜர் திருநாராயணன் அறையில் ஃபேன் சுற்றியது. லக்ஷ்மிநரசிம்மனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் பார்வை முதலில் போனது மரகதவல்லியின் கால்களுக்கு. சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"என்னம்மா இது, கால்ல?"

"வழியில கொஞ்சம் ஈரம் சார்." சீட்டை மேஜை நடுவில் வைத்தாள். "சார், 81089118. இந்த இன்ஜின் எந்த ஊருக்குப் போச்சு, தெரியுமா?"

திருநாராயணன் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "இருபதாயிரத்துல ஒண்ணும்மா இது. யாருக்கு ஞாபகம் இருக்கும்? ரிஜிஸ்தரைப் பார்த்தாத்தான்..."

"செய்யாறு டீலருக்குப் போனது சார் அது" என்றார் லக்ஷ்மிநரசிம்மன். எப்போதும்போல் பணிவாக, முந்திக்கொண்டு.

மரகதவல்லி சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"செய்யாறு தூரம்" என்றாள். "அதனாலதான் ஒரகடத்துல இருந்த இன்ஜினை எனக்குக் காட்டினீங்க, இல்லையா?"

ஜெபமணி கதவோரம் நின்று சொன்னார்: "நா பதினஞ்சு வருசம் டிக்கெட் கிழிச்சவன் சார். இன்னிக்கு ஒரு டிக்கெட்டோட நம்பரைச் சொல்லச் சொல்லுங்க, முழிப்பேன். இவுரு இன்ஜினுக்கெல்லாம் ஜாதகம் எழுதி வெச்சிகினு கீறாரு போல."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு எண்கள், சாக்குத்துணி, கோவிந்தம்மாவைத் திறக்கச் சொன்ன மடை. சொல்லும்போது தன் பங்கையும் விடாமல் சொன்னாள். திருநாராயணன் முகம் மெல்ல மெல்ல லக்ஷ்மிநரசிம்மன் பக்கம் திரும்பியது.

"பதினொண்ணு கணக்கு எனக்கும் உங்களுக்கும்தானேம்மா தெரியும்" என்றார் கடைசியில்.

"வருஷக்கணக்கா அந்த எண்களைத்தான் சார் எழுதறார். கவனிச்சா தெரியாதா? நான்தான் என் ஒருத்திக்குத்தான் தெரியும்னு நினைச்சேன்."

லக்ஷ்மிநரசிம்மன் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"மூணு இன்ஜினும் எங்கே?" என்றார் திருநாராயணன்.

"குன்றத்தூர்ல. மச்சினன் ஷெட்டுல." பிறகு மரகதவல்லியைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் அவளை வதைத்தது. "நான் சேறு மட்டும்தாம்மா பண்ணினேன். நிக்கிற பக்கத்தை நீங்கதான் எடுத்தீங்க."

வழக்கு முடிந்தது. திருநாராயணன் எழுந்து கைகொடுத்தார். "பிரமாதம்மா. யேசுராஜை திங்கக்கிழமை ஷிப்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிடறேன்."

"திங்கக்கிழமை போதாது சார். சங்கு ஊதும்போது நான் கேட்ல நிக்கணும்."

"அதெல்லாம் எதுக்கும்மா? கம்பெனிக்கும் அசிங்கம்."

"அசிங்கம் கேட்லதானே சார் பண்ணினோம்."

---

சங்கு ஊதியது. ஒரு ஷிப்ட் வெளியே வந்தது, ஒரு ஷிப்ட் உள்ளே போக நின்றது. மரகதவல்லி நடுவில் நின்றாள். கல்லூரியில் பெயர் கூப்பிட்டால் எழுந்து 'உள்ளேன்' என்று சொல்லவே தயங்கியவள்.

"யேசுராஜ் திருடலை" என்றாள். பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை.

ஜெபமணி வாயைக் குவித்தார். பூந்தமல்லி முதல் காஞ்சிபுரம் வரை கேட்ட குரல் அது. "யேசுராஜ் திருடலியாம்!"

"எண்ணை நான் தப்பாப் படிச்சேன்."

"எண்ணைத் தப்பாப் படிச்சது..." ஜெபமணி நிறுத்தினார். அவளைப் பார்த்தார். "மேடம், இத நா கத்துனா நல்லாருக்காது. உங்க வாயாலயே சொல்லிடுங்க."

அவள் மூச்சை இழுத்தாள். "நான்தான் தப்பாப் படிச்சேன். சேத்துல கால் வைக்க இஷ்டமில்லாம தலைகீழாப் படிச்சேன்."

யாரோ சிரித்தார்கள். யாரோ "த்தூ" என்றார்கள். சுப்பன் கடை வாசலில் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவள் நின்ற இடத்தில்தான் அன்றைக்குத் தயிர்சாதப் பாத்திரம் உருண்டு வந்து நின்றது.

சாமியார் பங்களா வராந்தாவுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மைக்கேல்ராஜ் நாற்காலியில். யேசுராஜ் தூணோரம், கைகட்டி. செல்வமேரி அவருக்குப் பின்னால். மரகதவல்லி மூன்றாம் முறையாகச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் சுலபமாகும் என்று எண்ணியிருந்தாள். ஆகவில்லை.

மைக்கேல்ராஜ் மீசையைத் தடவினார். "சரி, அப்ப ஒண்ணும் இல்லன்னு ஆயிப்போச்சு. நாங்களும் கேள்விப்பட்டதை வெச்சுத்தான வந்தோம். நாளைக்கு ஓலை வாசிக்கட்டும் சாமி."

சாமியார் தலையாட்டினார். நாற்காலிகள் நகர்ந்தன. மாப்பிள்ளை வீட்டார் போனார்கள். யேசுராஜ் மட்டும் தூணை விட்டு அசையவில்லை.

"மன்னிச்சிடுங்க அண்ணா."

அவர் அவள் காலைப் பார்த்தார். முழங்கால்வரை சேறு. வெகுநேரம் பார்த்தார்.

"கேட்ல சொன்னியாம்மே. கேள்விப்பட்டேன். இங்கயும் சொன்ன. சரி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்கு பூசையில ஓலை வாசிச்சிட்டு, தடை தெரிஞ்சவங்க யாராவது கீறீங்களான்னு சாமி கேப்பாரு. அப்ப கோயில்ல இருக்கிற அத்தினி தலையும் திரும்பும். எங்களத்தான் பாக்கும். எனுக்குப் பழகிப்போச்சு. என் பொண்ணு இன்னா பண்ணுவா?"

மரகதவல்லி செல்வமேரியைப் பார்த்தாள்.

"அவ பக்கத்துல நீ உக்காரணும். திரும்புற தலையெல்லாம் உன்னப் பாக்கட்டும்."

கூட்டத்தில் தன்மேல் ஒரு கண் பட்டாலே முந்தானையைப் பிடித்துக்கொள்கிறவள். 'கணக்கை முடித்தாகிவிட்டது, இதுவும் வேண்டுமா' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் மேட்டில், காய்ந்த பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"வரேன்" என்றாள்.

ஜெபமணி செருமினார். "எந்தப் பக்கம் உக்காரணும்னு நல்லாக் கேட்டுக்குங்க மேடம். பக்கம் மாறினா கதையே மாறிடுது."

செல்வமேரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்தாள். முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"இடது பக்கம். முன் வரிசை. காலைக் கழுவிக்குங்க."